பணக்காரங்களும் ஏழைங்களும்: நாலு குரல், மூணு குரல், ரெண்டு குரல்

'ரிக்கி எ போவெரி'ன்னு ஒரு இத்தாலியக் குழு. தமிழ்ல சொன்னா 'பணக்காரர்களும் ஏழைகளும்'. பேரை மட்டும் கேட்டா ஏதோ செங்கொடி பிடிச்ச வீதி நாடகக் குழுன்னு தோணும். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. காதல், கடற்கரை, கைதட்டல்... இதுதான் அவங்க கடைச்சரக்கு. எண்பதுகள்ல ஐரோப்பாவுல எந்தக் கல்யாண வீட்டுல டான்ஸ் ஆடினாலும் நடுவுல இவங்க பாட்டு ஒண்ணு வந்திருக்கும். சோவியத் யூனியன்ல இவங்களை மாதிரி கொண்டாடப்பட்ட வெளிநாட்டுக்காரங்க ரொம்பக் குறைச்சல்.

இசை விமர்சகர்கள் இவங்களை மதிச்சதே கிடையாது. 'மெல்லிசு', 'சர்க்கரைத் தண்ணி' வகையறா. அந்த முடிவு சரியா தப்பான்னு கதையைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. எனக்கு ஒரு கட்சி இருக்கு, போகப் போகத் தெரிஞ்சிரும் :-)

கதை தொடங்குற ஊர் ஜெனோவா. வடமேற்கு இத்தாலியில பெரிய துறைமுகம், கொலம்பஸ் பிறந்த ஊர். அறுபதுகள்ல இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஜீனோ பாவோலி, லூயிஜி தெங்கோ, புரூனோ லவுட்சி, ஃபாப்ரிட்சியோ தெ ஆந்த்ரேன்னு தானே எழுதி தானே பாடுற ஒரு கூட்டம் இங்கேருந்துதான் கிளம்புச்சு. 'ஜெனோவா பள்ளி'ன்னே பேரு. தனிமை, சாவு, விலைமாதர், போர் எதிர்ப்புன்னு கனமான விஷயங்களைப் பாடினவங்க. இதுல தெங்கோ 1967 ஜனவரியில சான்ரெமோ விழாவுக்குப் பாடப் போனார். அவரோட பாட்டு போட்டியிலேருந்து வெளியேறுச்சு. அன்னிக்கு ராத்திரி ஹோட்டல் அறையில சுடப்பட்டு இறந்து கிடந்தார். தற்கொலைன்னு முடிவாச்சு. இத்தாலிய இசை உலகமே அதிர்ந்து போச்சு.

அதே ஊர்ல, அதே காலத்துலதான் நம்மாளுங்க ஒண்ணு சேர்றாங்க. ஆஞ்செலோ சோத்ஜு, ஃபிராங்கோ காத்தி ரெண்டு பேரும் 'ஐ ஜெட்ஸ்'னு ஒரு உள்ளூர் பேண்டுல இருந்தவங்க. ஆஞ்செலா பிராம்பாத்தி வேற ஒரு குழுவுல பாடிட்டிருந்த பொண்ணு, அதை விட்டுட்டு இவங்களோட வந்து சேர்ந்தாங்க. அப்புறம் மரீனா ஒக்கியேனா. ரெண்டு ஆண், ரெண்டு பெண். அமெரிக்காவுல 'மாமாஸ் அண்ட் பாபாஸ்' குழு நாலு குரலை அடுக்கிப் பாடிக் கலக்கின நேரம் அது. அந்த அச்சுலதான் இவங்களும் வந்தாங்க.

இங்க ஒரு வேடிக்கை. கனமான பாட்டுக்காரரான தெ ஆந்த்ரேவுக்கு இந்த நாலு பேரையும் பிடிச்சுப் போச்சு. மிலான்ல ஒரு குரல் தேர்வுக்கு ஏற்பாடு பண்ணிக் கொடுத்தார். போனாங்க, தோத்தாங்க. கம்பெனிக்காரங்களுக்கு விஷயம் புரியலைன்னும், இவங்க எப்படியும் மேல வந்துருவாங்கன்னும் அவர் தேத்தி அனுப்பினாராம். விமர்சகர்கள் கும்பிடுற சாமி, விமர்சகர்கள் ஒதுக்கின குழுவுக்கு முதல் ஆதரவு! இந்த விஷயம் பல பேர் கண்ணுல படுறதே இல்லை.

பேரு வச்சது ஃபிராங்கோ காலிஃபானோ. ரோம்காரர், பாடலாசிரியர், இவங்களோட முதல் தயாரிப்பாளர். மனசுலயும் யோசனையிலயும் பணக்காரங்க, சட்டைப்பையில ஏழைங்க... அதனால 'பணக்காரங்களும் ஏழைங்களும்'. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டப்பேரும் ஒட்டிக்கிச்சு. ஆஞ்செலா 'கருங்கூந்தல்காரி', மரீனா 'பொன்முடிக்காரி', ஆஞ்செலோ 'பொன்முடிக்காரன்', ஃபிராங்கோ 'மீசை'. நம்ம ஊர் தெருவுல வைக்கிற பேரு மாதிரியே இல்ல? கடைசி வரைக்கும் இத்தாலிக்காரங்களுக்கு ஃபிராங்கோ காத்தி 'மீசை'தான்.

1968ல 'கான்தாஜீரோ'ங்கிற போட்டியில முதல் மேடை. சைக்கிள் பந்தயம் ஊர் ஊராப் போற மாதிரி பாட்டுப் போட்டி ஊர் ஊராப் போகும், அதுதான் கான்தாஜீரோ. இவங்க பாடினது 'எவர்லாஸ்டிங் லவ்'ங்கிற ஆங்கிலப் பாட்டோட இத்தாலிய வடிவம். அந்தக் காலத்துல இத்தாலியில பாதி பேண்டுகளுக்குப் பொழப்பே இதுதான், ஆங்கில மெட்டை எடுத்து இத்தாலியச் சொல்லைப் போடுறது. (நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? ஹி ஹி.)

இனிமே சான்ரெமோ பத்திக் கொஞ்சம் சொல்லணும். அது இல்லாம இந்தக் கதை ஓடாது. சான்ரெமோ, ஜெனோவாவுக்கு மேற்கே அதே கடலோரத்துல இருக்குற ஒரு சின்ன ஊர். 1951லேருந்து வருஷா வருஷம் அங்க பாட்டு விழா. பாடகருக்கு இல்ல, பாட்டுக்குத்தான் போட்டின்னு ஆரம்பிச்சது. அதனால ஒரு அருமையான ஏற்பாடு வச்சிருந்தாங்க. ஒவ்வொரு பாட்டையும் ரெண்டு பேர் தனித்தனியா, தனித்தனி இசையமைப்புல பாடணும். நல்ல பாட்டுன்னா யார் பாடினாலும் நிக்கணும் பாருங்க! 1971 வரைக்கும் இந்த முறை இருந்துச்சு.

1970ல 'லா ப்ரீமா கோசா பெல்லா'. 'முதல் அழகான விஷயம்'னு அர்த்தம். நிக்கோலா தி பாரி ஒரு வடிவம், ரிக்கி எ போவெரி இன்னொரு வடிவம். ரெண்டாம் இடம். முதலிடம் யாருக்குத் தெரியுமா? அத்ரியானோ செலந்தானோ மனைவி கிளவுதியா மோரியோட பாடின ஒரு நையாண்டிப் பாட்டு, வேலை செய்யாதவனுக்குக் காதலும் கிடையாதுங்கிற ரீதியில. முந்தின வருஷம்தான் இத்தாலி முழுக்க தொழிற்சாலை வேலைநிறுத்தம் கொதிச்சு அடங்கியிருந்தது, அந்தச் சூட்டுல வந்த பாட்டு. இந்தப் பக்கம் நாலு பிள்ளைங்க கிடாரும் மென்குரலுமா நிக்கிறாங்க. ஆனா நாற்பது வருஷம் கழிச்சு, 2010ல, இயக்குநர் பாவோலோ விர்ட்சி தன்னோட படத்துக்குத் தலைப்பா வச்சது இந்த ரெண்டாம் இடப் பாட்டைத்தான்.

1971ல 'கே சரா'. 'என்ன ஆகுமோ'. இதுதான் என் கட்சி! இவங்க பாடினதுலேயே உச்சம்னா எனக்கு இதுதான். ஊரை விட்டுப் பொழைக்கப் போற ஒரு ஆளோட பாட்டு. மலை மேல இருக்குற தன்னோட சின்ன ஊரைப் பாத்து விடை சொல்லுறான். நண்பர்கள் எல்லாம் ஏற்கனவே போயாச்சு, மிச்சம் இருக்குறவங்களும் போயிருவாங்க. தெற்கு இத்தாலியிலேருந்தும் மலை கிராமங்கள்லேருந்தும் லட்சக்கணக்குல ஆட்கள் மிலான், தூரின், ஜெர்மனி, பெல்ஜியம்னு ரயிலேறிட்டிருந்த காலம். அந்த ரயில்ல உக்காந்திருந்தவங்களுக்கு இது பொழுதுபோக்குப் பாட்டா என்ன? இதை எழுதினவங்கள்ல ஒருத்தர் ஃபிராங்கோ மிலியாச்சி, 'வொலாரே'ன்னு உலகமே முணுமுணுக்குற பாட்டோட வரிகள்ல பங்கு இருக்குறவர். மெட்டுல பங்குள்ள ஜிம்மி ஃபொன்தானா தானே பாடணும்னு ஆசைப்பட்டார். ரெக்கார்டு கம்பெனி அதை ரிக்கி எ போவெரிக்கும், போர்ட்டோ ரிக்கோவுல பிறந்த கண் தெரியாத கிடார் மேதை ஹோசே ஃபெலிசியானோவுக்கும் கொடுத்துருச்சு. மனுஷன் நொந்து போயிட்டார். அவர் நோவு நியாயம்தான், ஆனா பாட்டுக்கு நல்லதுதான் நடந்துச்சு. ஃபெலிசியானோ ஸ்பானிஷ்ல பாடி லத்தீன் அமெரிக்கா முழுக்கக் கொண்டு போனார்.

சான்ரெமோவுல மறுபடியும் ரெண்டாம் இடம். முதலிடம், போன வருஷம் இவங்க பாட்டைச் சேர்ந்து பாடின அதே நிக்கோலா தி பாரி! இந்த வருஷம் வேற பாட்டு, பாடகி நாதாவோட ஜோடி.

நாலு குரல்னா என்னன்னு இந்த ரெண்டு பாட்டுலதான் தெரியும். ஆஞ்செலாவோட குரல்ல கொஞ்சம் மணல் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு. மரீனாவோடது தெளிஞ்ச தண்ணி, மேல போகும். கீழ ரெண்டு ஆண்கள். ஒருத்தர் மெட்டைப் பிடிக்க, மத்த மூணு பேரும் வேற வேற சுரத்துல நின்னு தாங்குவாங்க. நம்ம சங்கீதத்துல இந்த அடுக்கு கிடையாது, அதனால முதல் தடவை கேக்கும்போது நாலு பேர் சேந்து பாடுறாங்கன்னு மட்டும்தான் தோணும். ஹெட்போன் மாட்டி ஒரே குரலைப் பிடிச்சுக்கிட்டு பாட்டு முழுக்க அது பின்னாடியே போய்ப் பாருங்க. சத்தியமா வேற பாட்டு கேக்கும்.

எழுபதுகளோட மிச்சத்தை வேகமாத் தாண்டிரலாம். நிறைய சான்ரெமோ, நிறைய டிவி, சுமாரான பாட்டுகள். 1978ல பாரிஸ்ல நடந்த யூரோவிஷன் போட்டியில இத்தாலி சார்பா போனாங்க, 'குவெஸ்தோ அமோரே'ன்னு பாட்டு, பன்னெண்டாம் இடம். ஜெயிச்சது இஸ்ரேல். இந்த நேரத்துல உலகமே டிஸ்கோவுல ஆடிட்டிருந்துச்சு. வடக்கு இத்தாலியில பிறந்த ஜோர்ஜோ மொரோடர் மியூனிக்ல உக்காந்து 1977ல டோனா சம்மருக்காக சிந்தசைசரை மட்டுமே நம்பி ஒரு பாட்டு பண்ணி, டான்ஸ் இசையோட தலையெழுத்தையே மாத்திட்டார். கிடாரும் நாலு குரலும் பழசாயிட்டே வந்துச்சு.

அப்பதான் 1981.

மிலான்ல 'பேபி ரெக்கார்ட்ஸ்'னு ஒரு கம்பெனி. தாரியோ ஃபரீனாங்கிற இசையமைப்பாளர் ஒரு மெட்டு போட்டார், தனியேலே பாச்சேயும் பூப்போங்கிற பேர்ல பாடிட்டிருந்த என்சோ கினாட்சியும் வரி எழுதினாங்க. 'சரா பெர்கே தி ஆமோ'. 'உன்னைக் காதலிக்கிறதாலயோ என்னவோ'ன்னு தோராயமாச் சொல்லலாம். சான்ரெமோவுக்குத் தயார். விழாவுக்குச் சில நாளைக்கு முன்னாடி மரீனா குழுவை விட்டு வெளிய. ரெண்டு பெண்களுக்கு நடுவுல தனிப்பட்ட மனஸ்தாபம். இத்தாலியப் பத்திரிகைகள் அதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதித் தீத்தாச்சு, நான் அந்தக் குப்பையைக் கிளறப் போறதில்லை. மூணு பேரா மேடை ஏறினாங்க.

அஞ்சாம் இடம்தான். ஜெயிச்சது பாடகி ஆலீச்சே. ஆனா விழா முடிஞ்சு கடைக்குப் போனா, ஜனங்க வாங்கினது இந்த அஞ்சாம் இடத்தைத்தான். இத்தாலியில விற்பனையில முதலிடம், பக்கத்து நாடுகள்லயும் பரவுச்சு. 1985ல கிளோத் மில்லேரோட 'லெஃப்ரோன்தே' பிரெஞ்சுப் படத்துல, சின்னப் பொண்ணா நடிச்ச ஷார்லோத் கேன்ஸ்பூர் கூடவே இந்தப் பாட்டும் வந்து பிரான்ஸ்ல ஒரு தலைமுறைக்கே ஒட்டிக்கிச்சு. 2021-22ல ஏசி மிலான் இத்தாலிய லீக் பட்டம் ஜெயிச்சப்போ, ரசிகர்கள் சொந்தச் சொல்லைப் போட்டு மைதானத்துல கத்தினதும் இந்த மெட்டுதான். நாற்பது வருஷம் முந்தின காதல் பாட்டு, எழுபதாயிரம் பேர் தொண்டையில!

ஏன் இப்படி ஓடுச்சு? நல்லாக் கேட்டுப் பாத்தா தெரியும். ஆஞ்செலா பாடுற பகுதி நெருக்கமான, கிட்டத்தட்ட மூச்சு முட்டுற சொற்கள். உடனே எல்லாரும் சேந்து ஒரே சுரத்துல உடைச்சுக்கிட்டு வர்ற பல்லவி. நாலு சுரமா அடுக்குற வேலையே இல்லை. யாரு வேணா, குடிச்சிருந்தாக் கூட, கூட சேந்து பாடலாம். நாலாவது குரல் போன ஓட்டையை சிந்தசைசரும் டிரம்ஸும் அடைச்சிருச்சு, மிச்சத்தைக் கேக்குறவங்க தொண்டை அடைச்சிருச்சு. நஷ்டத்துல வந்த லாபம்னு சொல்லலாம். இந்தப் பாட்டைக் கேட்டு நானும் தலையாட்டியிருக்கேன், பொய் சொல்லல. ஆனா 'கே சரா' பாடின அந்த நாலு பேரு இங்க இல்லைங்கிறதும் ஒவ்வொரு தடவையும் உறுத்தும்.

அதுக்கப்புறம் ஒரே ஓட்டம். 'கோமே வொர்ரெய்' பாட்டு 'போர்த்தொபெல்லோ'ங்கிற பெரிய டிவி நிகழ்ச்சியோட அடையாளப் பாட்டாச்சு. (அந்த நிகழ்ச்சியை நடத்தின என்சோ தொர்தோராவை 1983ல போதைக் கும்பலோட தொடர்புன்னு பொய்யாச் சிக்க வச்சு, தண்டனை கொடுத்து, 1986ல நிரபராதின்னு விட்டாங்க. 1988ல செத்தே போனார். அது தனியா எழுத வேண்டிய கொடுமை.) 1982ல 'மாம்மா மரியா', ஜோசியம் சொல்லுற ஒரு அம்மாவைப் பத்தினது. அதே வருஷம் ஆல் பானோ, ரோமினா பவர் ஜோடி பாடின 'ஃபெலிச்சிதா'வுலயும் ஃபரீனா கை உண்டு, அதுவும் பேபி ரெக்கார்ட்ஸ்தான். ஒரே அடுப்புல ரெண்டு பாத்திரம்!

டிஸ்கோ வெறியர்கள் இப்ப சண்டைக்கு வருவாங்க, 'இதெல்லாம் இத்தாலோ டிஸ்கோவே இல்ல'ன்னு. ஒருவகையில சரி. ரிகேய்ராவோட 'வாமோஸ் அ லா ப்லாயா' மாதிரி முழு எந்திரச் சத்தம் இவங்ககிட்ட இல்லை. இவங்களோடது பழைய சான்ரெமோ மெட்டுக்கு டிஸ்கோச் சட்டை மாட்டினது. ஆனா ஒரு விஷயத்துல இவங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த டிஸ்கோ உலகத்துல மேடையில ஆடுறது ஒருத்தர், பாடினது இன்னொருத்தர்ங்கிறது சாதாரணம். டென் ஹாரோன்னு ஒரு பெரிய நட்சத்திரம், ஆடினது ஸ்தெஃபானோ சாந்த்ரி, ஹிட்டுகளைப் பாடினது டாம் ஹூக்கர். பல வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டதை வச்சு 2018ல ஒரு ஆவணப்படமே வந்துச்சு. ரிக்கி எ போவெரி, நல்லதோ கெட்டதோ, அவங்க பாட்டை அவங்களே பாடினவங்க.

அதனாலதான் 1985 எனக்கு ரொம்ப விசித்திரமாத் தெரியுது. 1980லேருந்து சான்ரெமோவுல ஆர்கெஸ்ட்ராவைத் தூக்கிட்டு, நாடாவுல பதிஞ்ச இசைக்கு மேல பாட வச்சாங்க. 1984, 85ல அதுவும் போய், குரலும் நாடாவுலதான். பாடகர் வாயசைச்சா போதும். 1984ல விருந்தாளியா வந்த குயீன் குழுவோட ஃபிரெடி மெர்குரி, மைக்கை வேணும்னே வாயிலேருந்து தள்ளிப் பிடிச்சுக் கிண்டல் பண்ணிட்டுப் போனார். இந்த லட்சணத்துல 1985ல 'சே மின்னமோரோ'ங்கிற பாட்டோட ரிக்கி எ போவெரி முதல் தடவையா, கடைசித் தடவையாவும், சான்ரெமோவை ஜெயிச்சாங்க. பாடவே தெரிஞ்ச குழு, நிஜமாப் பாடின வருஷமெல்லாம் ரெண்டாவதும் அஞ்சாவதும்... வாயசைச்ச வருஷம் முதல்! எழுதினவங்கள்ல ஒருத்தர் கிறிஸ்தியானோ மினெல்லோனோ. ரெண்டாம் இடம் வாங்கின பாட்டுலயும் அவருக்குப் பங்கு உண்டு, பாடினது அப்ப சின்னப் பையனா இருந்த லூயிஸ் மிகேல்.

அடுத்த வருஷம் சோவியத் யூனியன். 1986ல 44 கச்சேரி. இந்த மோகத்துக்குக் காரணம் என்னன்னு பலரும் பலவிதமாச் சொல்லுவாங்க, எனக்குத் தோணுறதைச் சொல்றேன். அமெரிக்க, ஆங்கில ராக் இசைன்னா அங்க அதிகாரிகளுக்குச் சந்தேகம். இத்தாலி மேற்கு நாடுதான், ஆனா மேற்கு ஐரோப்பாவுலயே பெரிய கம்யூனிஸ்ட் கட்சி இருந்த நாடு. ஃபியட் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு ஜிகுலி கார் தயாரிச்ச ஊருக்கே இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொலியாத்தி பேரை வச்சிருந்தாங்க. அதோட இத்தாலிப் பாட்டுல அரசியல் கிடையாது, மெட்டு ரஷ்யக் காதுக்குப் பழகினது, வார்த்தை ஒண்ணும் புரியாது. தணிக்கைக்காரருக்கு இதைவிட நிம்மதி வேற ஏது? செலந்தானோ, குதூஞ்ஞோ, ஆல் பானோ, இவங்கன்னு வரிசையா உள்ள போனாங்க. கடைக்குப் போனா எதுவும் கிடைக்காத ஊர்ல, வெயிலும் கடலும் காதலுமா ஒரு உலகம் மூணு நிமிஷத்துக்கு வீட்டுக்குள்ள வந்துச்சு. இதை 'சர்க்கரைத் தண்ணி'ன்னு சொல்ற விமர்சகருக்கு எப்பவும் சர்க்கரை கிடைச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

அந்த நினைப்பு சோவியத்தே காணாமப் போன பிறகும் விடலை. 2020 கடைசியில ரஷ்ய டிவியில இவான் உர்கந்த் 'சாவ் 2020'ன்னு ஒரு புத்தாண்டு நிகழ்ச்சி பண்ணினார். ரஷ்யப் பாடகர்கள் எல்லாரும் எண்பதுகளோட இத்தாலிய டிவி வேஷத்துல, இத்தாலிய மொழியிலேயே பாடிக் கூத்தடிச்சாங்க. இத்தாலிக்காரங்களே வாய்பிளந்து பாத்தாங்க.

தொண்ணூறுகள்ல இத்தாலியில மவுசு குறைஞ்சு, கிழக்கு ஐரோப்பாவுல பழைய பாட்டு மேடைகள்தான் கஞ்சி ஊத்துச்சு. மூணு பேரும் பிரியலை, நிறுத்தலை. ஊர் ஊராப் போய்ப் பாடினாங்க.

2013 பிப்ரவரி. சான்ரெமோ விழாவுல இவங்களுக்கு வாழ்நாள் சாதனை விருதுன்னு அறிவிச்சாச்சு. மேடை ஏற வேண்டிய அதே நாள், ஃபிராங்கோவோட மகன் ஜெனோவா வீட்டுல இறந்து கிடந்தான்னு செய்தி. இருபது சொச்சம் வயசு. மேடை ரத்து, மூணு பேரும் விழாவை விட்டுக் கிளம்பினாங்க. அதுக்கப்புறம் மூணு வருஷம் 'மீசை' குழுவோட ஓடிப் பாத்தார், முடியலை. 2016ல, குடும்பத்தோட இருக்கணும்னு விலகிட்டார். ரெண்டு பேர் மிச்சம்.

2020 பிப்ரவரி 5. சான்ரெமோவோட எழுபதாவது விழா. அரிஸ்தோன் அரங்கத்து மேடையில நாலு பேரும்! மரீனாவும் ஃபிராங்கோவும் திரும்பி வந்து, 39 வருஷம் கழிச்சு அதே நாலு குரல். 'லா ப்ரீமா கோசா பெல்லா', 'கே சரா', 'சரா பெர்கே தி ஆமோ'. பின்னாடி நிஜமான ஆர்கெஸ்ட்ரா. குரல் பழைய மாதிரியா இருந்துச்சுன்னா, இல்லைதான். பெரும்பாலும் எழுபது வயசைத் தாண்டினவங்க, சில இடத்துல தடுமாறுது. ஆனா 'கே சரா'வுல நாலும் ஒண்ணு சேர்ற அந்த ஒரு இடத்துல, ஆஞ்செலாவும் மரீனாவும் பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிட்டு... சரி, விடுங்க, நீங்களே பாத்துக்கோங்க. அதுவும் மரீனா இல்லாமப் பாடி ஹிட்டான 'சரா பெர்கே தி ஆமோ'வை மரீனாவும் சேந்து பாடினாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கண்ணு கலங்குச்சு. 1981ல அவங்க நிக்க வேண்டிய இடம் அது.

அடுத்த சில வாரத்துல இத்தாலியை கொரோனா மூடிருச்சு. நாலு பேரும் சேந்து ஊர் சுத்திப் பாடலாம்னு போட்ட கணக்கெல்லாம் சிதறிப் போச்சு. பழைய பாட்டுகளைப் புதுசாப் பாடின ஒரு ஆல்பம் மட்டும் 2021ல வந்துச்சு. 2022 அக்டோபர் 18, ஃபிராங்கோ காத்தி காலமானார். எண்பது வயசு முடிஞ்சு ரெண்டு வாரம்.

2024 சான்ரெமோவுல ஆஞ்செலாவும் ஆஞ்செலோவும் மறுபடி போட்டிக்கே வந்தாங்க. விருந்தாளியா இல்ல, போட்டியாளரா! ஒருத்தருக்கு 76, இன்னொருத்தருக்கு 77. 'மா நோன் தூத்தா லா வீத்தா', 'ஆனா வாழ்க்கை முழுக்க இல்ல'ன்னு அர்த்தம். டான்ஸ் பாட்டு, பேத்தி வயசுக் குழுக்களுக்குச் சமமா ஆட்டம். முப்பது பேர்ல 21வது இடம். பாட்டு சுமார்தான், இருந்தாலும் ஆஞ்செலாவோட அந்த மணல் குரல் இன்னும் அப்படியே இருக்கு. முதல்ல 1971 'கே சரா'வையும் அதுக்கப்புறம் இதையும் வரிசையாக் கேட்டுப் பாருங்க, கேட்டவங்க எது பிடிச்சதுன்னு சொல்லிட்டுப் போங்க.